கால் ராத்தல் குடுமி

சென்னியப்பன் வீட்டுக்குள் வரவில்லை. கொல்லைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை என் பக்கம் நீட்டினான். ஆறடி ஆள். கையில் வைத்திருந்ததோ ஒரு பிடி அளவுப் பொட்டலம். அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"அம்மிணி, இத என்ன பண்றதுன்னு தெரியலீங்க. கீழ போட மனசு வல்லீங்க. நரசிம்மன்தான் ஊட்டுல குடுத்துரச் சொன்னான்."

காலை பத்தரை மணி இருக்கும். அப்பா கச்சேரிக்குக் கிளம்பிப் போய்விட்டார். மைசூரில் சர்க்கார் ஆபீஸுக்குக் கச்சேரி என்றுதான் பெயர். நான் பொட்டலத்தை வாங்கிப் பிரித்தேன். பிரிக்கும்போதே வாசனை தெரிந்துவிட்டது. முந்தைய சனிக்கிழமை நானே காய்ச்சி, நானே தேய்த்துவிட்ட எண்ணெய்.

உள்ளே என் அண்ணா நரசிம்மனின் குடுமி இருந்தது.

போன வாரம் எழுதிய பகுதியில், 'குத்துச்சண்டை போட்டுக்கொண்டிருந்த என் அண்ணா' என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டேன். 'மேல்கோட்டை வம்சத்து ஐயங்கார் பிள்ளை குத்துச்சண்டை போட்டானா? இப்படிப் பாதியில் விட்டால் என்ன அர்த்தம்?' என்று ஒரு வாசகி கோபித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். நியாயமான கோபம். அந்தப் பொட்டலம் எப்படி என் கைக்கு வந்தது என்று சொன்னால் அவருக்குப் பதில் கிடைத்துவிடும். என் அசட்டுத்தனமும் வெளியே வந்துவிடும். பரவாயில்லை, இந்த வயதில் யாரிடம் மறைப்பது?

அட்லஸில் இருந்த ஆண்பிள்ளைகள்

யுத்த காலம். அம்மா போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. மைசூர்க் கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பா, அண்ணா, நான் ஆக மூன்றே பேர். தளிகை, அதாவது சமையல், என் பொறுப்பு. அண்ணா காலேஜில் படித்துக்கொண்டிருந்தான்.

சென்னியப்பன் அவனுடைய சிநேகிதன். கொள்ளேகாலத்துப் பக்கத்து விவசாயக் குடும்பம். அந்த ஊர் அப்போது கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. படிப்பதற்காக மைசூருக்கு வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தான். இரண்டு பேரும் காலேஜ் குத்துச்சண்டை அணியில் இருந்தார்கள். அவன் பெரிய எடைக்காரர்களோடு, அண்ணா சின்ன எடைக்காரர்களோடு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சென்னியப்பன் வந்தால், அண்ணாவின் பழைய பள்ளிக்கூட அட்லஸ் வெளியே வரும். வெள்ளைக்காரர்கள் படித்துவிட்டுப் போடும் பத்திரிகைகள் தேவராஜ மார்க்கெட்டில் எடைக்கு வரும். அதிலிருந்து குத்துச்சண்டைக்காரர்களின் படங்களை வெட்டி, அந்த அட்லஸ் முழுக்க இரண்டு பேரும் ஒட்டி வைத்திருந்தார்கள். ஆசியா இருந்த இடத்தில் ஒருவன் மார்பைக் காட்டிக்கொண்டு நிற்பான். ஆஸ்திரேலியாவைக் காணவே காணோம்; அங்கே ஒருவனுடைய முதுகு இருந்தது.

எந்தப் பக்கத்துக்காரனுக்கு உடம்பு ரொம்ப அழகு என்பதுதான் வாராவாரம் வழக்கு.

சென்னியப்பனுக்குத் தோள்தான் எல்லாம். அமெரிக்கக் கறுப்பர் ஒருவர், தலைக்கு மேல் கையைத் தூக்கி நிற்கிற படத்தைக் காட்டி, "தோளப் பாருங்க அம்மிணி, ஏர் பூட்டலாமுங்க" என்பான்.

அண்ணா தோளைப் பார்க்கமாட்டான். "அடி எங்கேர்ந்து கிளம்பறது தெரியுமோ? கெண்டைக்கால்லேர்ந்து. அங்கேர்ந்து இடுப்பு, இடுப்புலேர்ந்து முதுகு. கை கடைசியிலதான் வரது" என்பான். அவனுக்குப் பிடித்தவன் மணிலாவிலிருந்து வந்த ஒரு குள்ளன். விலா எலும்பை எண்ணிவிடலாம், வயிறு முதுகோடு ஒட்டியிருக்கும். கெண்டைக்கால் மட்டும் முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும். "இதுல ஒரு பிடி சதை அதிகம் கிடையாது, ஒரு பிடி குறைச்சலும் கிடையாது. இதுதான் உடம்பு" என்று அண்ணா அந்தப் படத்தை ஆசையோடு தடவுவான்.

என்னையும் கேட்பார்கள். அடுக்களை வாசலில் நின்றபடியே நான் பார்ப்பேன். வயசுப் பெண் இப்படி அரை நிர்வாண ஆண்பிள்ளைகளின் படத்தைப் பார்ப்பது சரியா என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை.

"இந்த மணிலாக்காரனுக்கு ஆத்துல யாருமே இல்லையோ? சாதம் போடமாட்டாளா?" என்றுதான் கேட்டேன்.

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் பார்த்து வளர்ந்த பலசாலிகள் வேறு. எங்கள் தெருக் கோடியில் ஒரு கரடிமனை இருந்தது. கரடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மல்யுத்தக் கூடத்துக்குக் கன்னடத்தில் அப்படிப் பெயர். செம்மண் பூசிக்கொண்டு அங்கிருந்து வெளியே வருகிற பயில்வான்களுக்குத் தொடை தூண் மாதிரி இருக்கும், வயிறு முன்னால் வரும், ஆள் பின்னால் வருவான். பால், பாதாம், நெய் என்று ஒரு மண்டலம் தின்றுவிட்டுத்தான் கோதாவில் இறங்குவார்கள் என்று பால்காரி சொல்லியிருக்கிறாள். கோவில் துவாரபாலகர்களுக்குக்கூடத் தொப்பை உண்டு. பலம் என்றால் பார்த்தவுடன் தெரியவேண்டும் என்பது என் கட்சி.

அப்பாவின் ஒரே நிபந்தனை

அப்பாவுக்கு அண்ணா குத்துச்சண்டை போடுவது தெரியும். முதல் தடவை மூக்கு வீங்கி வந்தபோதே தெரிந்துவிட்டது. திட்டவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, சாப்பிடும்போது சொன்னார்.

"தசராவுல அரண்மனையில ஜெட்டிகள் சண்டை போடறாளே, பார்த்திருக்கயோ?"

அண்ணா தலையை ஆட்டினான். ஜெட்டிகள் என்பவர்கள் பரம்பரையாக மல்யுத்தம் செய்கிறவர்கள். கொம்பில் செய்த ஆயுதத்தை விரல்களில் மாட்டிக்கொண்டு குத்துவார்கள். யார் தலையிலாவது ஒரு சொட்டு ரத்தம் வந்தால் சண்டை முடிந்தது.

"அவா தலையை மழிச்சிண்டு வரா. ஆனா உச்சிக் குடுமியை எடுக்கறதில்லை. குடுமியோட சண்டை போட முடியும். நீயும் போடு. குடுமிக்கும் திருமண்ணுக்கும் பங்கம் வரக்கூடாது. வந்துதுன்னா கோஷ்டியில உனக்கு இடமில்லை. நான் சொல்றதுக்கு என்ன இருக்கு, கோவில் வழக்கமே அதுதான்."

கோஷ்டி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தினமும் காலையில் பெருமாள் முன்னால் வரிசையாக உட்கார்ந்து பாசுரம் சேவிக்கிறவர்கள், அதாவது சேர்ந்து ஓதுகிறவர்கள்தான் கோஷ்டி. எங்கள் கோவிலில் முதல் வரிசையில் வலது ஓரம் அப்பாவின் இடம். பூணூல் போட்ட நாளிலிருந்து அவர் பக்கத்தில் அண்ணாவின் இடம். கச்சேரியில் அப்பா யாரோ ஒரு குமாஸ்தா. கோவிலில் அவர் குரல் எடுத்தால்தான் மற்றவர்கள் ஆரம்பிப்பார்கள். அம்மா போன பிறகு அப்பாவும் அண்ணாவும் வீட்டில் அதிகம் பேசிக்கொண்டதில்லை. சேர்ந்தாற்போல் அவர்கள் வாய் திறந்தது அந்த ஒரு மணி நேரம்தான். கிராப்பு வெட்டிக்கொண்டவர்களுக்குக் கோஷ்டியில் இடம் கிடையாது. அவர்கள் பின்னால் தூணோரம் நின்று கேட்டுவிட்டுப் போகவேண்டியதுதான்.

அதனால் அண்ணா குடுமியை இறுக்கி முடிந்து, மேலே ஒரு துணியைக் கட்டிக்கொண்டு சண்டை போட்டான். காலேஜ் பிள்ளைகள் "ஜுட்டு, ஜுட்டு" என்று கத்துவார்களாம். கன்னடத்தில் ஜுட்டு என்றால் குடுமி. முதலில் கேலிக்குக் கத்தினார்கள். அவன் நாலு பேரை ஜெயித்த பிறகு உற்சாகத்துக்குக் கத்தினார்கள்.

நெய்

அந்த வருஷம் காலேஜ்களுக்கு இடையேயான போட்டியில் அண்ணா கடைசிச் சுற்றுவரை போய்விட்டான். அதற்கு நாற்பது நாள் அவகாசம் இருந்தது. அந்த நாற்பது நாளில்தான் நான் என் கைவரிசையைக் காட்டினேன்.

அண்ணா திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தான். இரண்டாம் தடவை சாதம் போடப் போனால் இலைக்கு மேல் கையை வைத்து மறைப்பான். நெய்க் கிண்ணத்தைப் பார்த்தாலே, "வேண்டாம் செல்லா, அப்பாவுக்கு விடு" என்பான். கன்னம் ஒட்டிப்போயிற்று. தோய்த்த வேஷ்டியைக் கட்டிக்கொண்டு கிணற்றடியிலிருந்து வரும்போது பார்த்தால், அந்த மணிலாக்காரனே நடந்து வருகிற மாதிரி இருந்தது.

யுத்த காலத்தில் நெய் கிடைப்பது குதிரைக்கொம்பு. அண்ணா அப்பாவுக்காக விட்டுக்கொடுக்கிறான் என்று நான் நினைத்தேன். "உடம்பு கூடக்கூடாதுடி" என்று ஒரு தரம் சொன்னான். கண் பட்டுவிடும் என்று பயந்து சொல்கிறானாக்கும் என்று அதையும் நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். குத்துச்சண்டையில் எடை பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார்கள், அந்த எடைக்கு மேல் ஒரு அவுன்ஸ் கூடினாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? கரடிமனையில் அப்படி ஒரு வழக்கம் இல்லையே.

இப்படிக் காய்ந்துபோய் மேடையில் நின்றால் எதிராளி இவனைக் கொன்றுவிடுவான் என்று எனக்கு நிஜமாகவே பயம். நாற்பது நாளும் ஒரு மண்டலம் என்று சங்கல்பம் பண்ணிக்கொண்டேன். வீட்டில் இருந்த நெய்யில் அப்பாவின் பங்கை நிறுத்தினேன். "கடையில நெய் வரலைப்பா" என்று கூசாமல் பொய் சொன்னேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. வெறும் பருப்பைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுக் கச்சேரிக்குப் போனார்.

அப்பாவின் நெய்யும் என் நெய்யும் அண்ணாவின் பருப்புக்குள் போயின. இலையில் தெரியாதபடி அடுப்பிலேயே கலந்துவிடுவேன். காலையில் அவன் கேட்கிற கஞ்சியில் வெண்ணெயைக் கரைப்பேன். ஒரு கவளம் குறைவாகச் சாப்பிட்டாலும் இரண்டு கவளத்துக்கான சத்து உள்ளே போய்விடும். அவன் மாடிப்படிகளில் மேலும் கீழும் ஓடுவான், போர்வையைப் போர்த்திக்கொண்டு தெருவைச் சுற்றுவான். "தண்ணி குடிச்சாலும் ஏறறதுடா" என்று ஒரு நாள் சென்னியப்பனிடம் அலுத்துக்கொண்டது என் காதில் விழுந்தது. கன்னம் கொஞ்சம் நிரம்பியிருக்கிறது என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

தராசு

இப்போது கொல்லைக் கதவுக்குத் திரும்புவோம். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். சென்னியப்பன் நின்றபடியே சொன்னான்.

காலை எட்டு மணிக்கு எடை பார்த்திருக்கிறார்கள். மண்டிக்கடையிலிருந்து கொண்டுவந்த மேடைத் தராசு. அண்ணாவின் எடை வகுப்புக்கு நூற்றுப்பதினெட்டு ராத்தல், அதாவது பவுண்டு, எல்லை. அண்ணா ஏறினான். முக்கால் ராத்தல் அதிகம். ஒரு மணி நேரம் அவகாசம் கொடுத்தார்கள். இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினான். வாயில் புளியை அடக்கிக்கொண்டு எச்சிலாகத் துப்பினான். கோவணத்தோடு ஏறினான். அப்போதும் கால் ராத்தல் அதிகம்.

"ஒடம்புல ஒரு சொட்டு வேர்வ மிச்சமில்லீங்க. அவன் ஏறலீன்னா எதிராளிக்கு சும்மாவே புள்ளி போயிரும். எங்க காலேஜுக்குக் கேடயம் இல்லீங்க. நாங்க ஏழு பேரு அவன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கறமுங்க. பத்து நிமிசந்தான் பாக்கி. அங்க கட்டுத்துணி வெட்டற கத்திரி ஒண்ணு கெடந்துச்சு. எடுத்தான். நான் கையப் புடிச்சனுங்க. வுடுடான்னுட்டு ஒரே வெட்டு."

"அப்பறம்?"

"தராசு நேரா நின்னுச்சுங்க."

சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நாப்பது நாளா கஞ்சித்தண்ணிதானுங்க குடிச்சுட்டுக் கெடந்தான். அந்தக் கால் ராத்தலு எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியலீங்க அம்மிணி."

எனக்குத் தெரிந்திருந்தது. மடியில் இருந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அவ்வளவு கனம் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் அண்ணா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தான். தோற்றுப்போயிருந்தான். மூன்றாவது சுற்றில் கால் துவண்டுவிட்டதாம். வெயிலில் கம்பளியோடு ஓடினவனுக்குக் கால் எங்கே நிற்கும்? கேடயமும் போயிற்று.

இலை

அப்பா கச்சேரியிலிருந்து வந்து கால் அலம்பிக்கொண்டு நிமிர்ந்தார். அண்ணா அவர் முன்னால் போய் நின்று துண்டை அவிழ்த்தான். தானாகவே அவிழ்த்தான், கேட்கும்வரை காத்திருக்கவில்லை.

அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "சரி. கோஷ்டிக்கு வராதே" என்றார். குரல் உயரவில்லை. அண்ணா கூடத்து மூலையில் போய் உட்கார்ந்துகொண்டான். அப்பா சந்தியாவந்தனம் பண்ணப் போனார். திரும்பி வந்து, "எனக்குச் சாப்பாடு வேண்டாம்" என்றார்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அடுக்களை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டே சொன்னேன்.

"அப்பா, தப்பு அவன் மேல இல்லை. நான்தான் அவனுக்குத் தெரியாம நெய்யைக் கலந்தேன். அதான் எடை ஏறிடுத்து. அவன் வேண்டாம்னுதான் சொன்னான்."

அண்ணா மூலையிலிருந்து தலையைத் தூக்கினான். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"எந்த நெய்?"

"உங்க நெய்."

"கடையில வரலைன்னயே."

"வந்துது."

"எத்தனை நாளா?"

"நாப்பது நாள். மண்டலம்."

அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். எனக்கு அடி விழுந்தாலும் விழும் என்று தோன்றியது. அவர் அண்ணாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அண்ணாவைப் பார்த்தார்.

"நாப்பது நாள் என் நெய்யும் போய், குடுமியும் போய், தோத்துட்டா வந்திருக்கான்?"

அண்ணாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீங்கின உதட்டோடு சிரிக்கவும் முடியவில்லை, அடக்கவும் முடியவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். அப்பா சிரிக்கவில்லை. ஆனால் மணையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இலையைப் போடு. அவனுக்கும் போடு. நெய் மிச்சம் இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு."

"எனக்கு விடு."

மூன்று பேரும் சாப்பிட்டோம். அண்ணா இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை என்று சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பல நாள் பசி.

தூணுக்குப் பின்னால்

சாப்பிட்டுவிட்டார் என்பதற்காக அப்பா சொன்னது மாறிவிடாது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கோவில் வழக்கம் அப்பா நினைத்தால் மாற்றக்கூடியதும் இல்லை.

மறுநாள் விடிந்ததும் அண்ணா எழுந்திருக்கவே இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அப்பா அவன் பக்கத்தில் போய் நின்றார்.

"எழுந்திரு. தீர்த்தமாடிட்டு, திருமண் இட்டுண்டு வா."

"கோஷ்டிக்கு வராதேன்னேளே."

"கோஷ்டிக்கு வராதேன்னேன். பெருமாளைச் சேவிக்க வராதேன்னா சொன்னேன்?"

மூன்று பேருமாகப் போனோம். வழக்கமாக அப்பா நாலு அடி முன்னால் போவார். அன்று அண்ணாவோடு சேர்ந்து நடந்தார். தெருவில் இரண்டு பேர் அண்ணாவின் தலையை நின்று பார்த்தார்கள். ஒருவர் வாயைத் திறக்கப் போனார். அப்பா அவரை ஒரு பார்வை பார்த்தார், அவர் போய்விட்டார்.

கோவிலில் பெண்கள் நிற்கிற இடம் பின்னால் இடப்பக்கம். அங்கேதான் தூண். அண்ணா யாரும் சொல்லாமலே அந்தத் தூணோரம் வந்து நின்றான். தலையைக் குனிந்துகொண்டான். அப்பா முன்னால் போனார். முதல் வரிசை வலது ஓரத்தில் அவருடைய இடமும் அண்ணாவின் இடமும் காலியாக இருந்தன. மேல்வேஷ்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்காரப் போனவர், பக்கத்து இடத்தைப் பார்த்தார். அப்படியே கொஞ்சம் நின்றார். பிறகு திரும்பிப் பின்னால் நடந்து வந்து, தூணோரம் அண்ணாவின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

கோஷ்டியில் மூத்தவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். "ஸ்வாமி, இங்க எழுந்தருளணும். நீர் குரல் எடுக்காம எப்படி ஆரம்பிக்கறது?"

"ஆரம்பியுங்கோ. அடியேன் இங்கேர்ந்தே சேவிக்கறேன்."

"எத்தனை நாளைக்கு?"

அப்பா அண்ணாவின் தலையைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "பிள்ளைக்குக் குடுமி வளரட்டும்."

சற்றுப் பொறுத்து, முன்னால் யாரோ தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்கள்.

அதற்கு அடுத்த வருஷம் மார்கழிவரை அப்பா அந்தத் தூணோரம்தான் நின்றார். ஒரு நாள்கூட முன்னால் போய் உட்காரவில்லை. ஆனால் எனக்கு மறக்காதது அந்த முதல் நாள்தான். பிறந்தது முதல் அப்பா பாசுரம் சேவிக்கிற குரலை நான் முன்வரிசையிலிருந்து, நாற்பது குரல்களுக்கு நடுவில் ஒன்றாகத்தான் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அது என் தோளுக்குப் பக்கத்தில் கேட்டது. அவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. அண்ணா அழுதுகொண்டே சேவித்தான். அடிக்கொரு தரம் அவன் குரல் நின்றுபோயிற்று. அவன் விட்ட இடத்தையெல்லாம் அப்பா எடுத்துக்கொடுத்தார்.